தட்டில் சுழன்ற தமிழ் – 14: மார்கழிக்கென்று ஓர் இசைத்தட்டு

சென்ற இதழில் நாடகத் தட்டுகளைப் பார்த்தோம். மேடை நாடகத்தை மூன்று மூன்று நிமிடத் துண்டுகளாக நறுக்கி, சில தட்டுகளைச் சேர்த்து ‘செட்’ என்று விற்ற காலம் அது. சரஸ்வதி ஸ்டோர்ஸில் அந்த வியாபாரத்தைப் பழகிய ஏ.வி. மெய்யப்பன் அங்கிருந்துதான் சினிமாவுக்குப் போனார். இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்வது நாடகமும் இல்லை, சினிமாவும் இல்லை. நாள்காட்டியைப் பார்த்துப் பாடிய பாட்டுகள்.

இசைத்தட்டு வியாபாரிகள் சீக்கிரமே கண்டுகொண்ட கணக்கு ஒன்று உண்டு. சினிமாப் பாட்டு படத்தோடு வரும், அடுத்த படம் வந்ததும் பழசாகும். பண்டிகைப் பாட்டு ஆண்டுக்கு ஒரு மாதம்தான் ஓடும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஓடும். புதுப்பாட்டு எழுத வேண்டாம், பாடகருக்கு மறுபடி பணம் தர வேண்டாம், விளம்பரமும் வேண்டாம். அந்த மாதம் பிறந்தால் போதும்.

இந்தக் கணக்கை அமெரிக்கர்கள் நம்மைவிடத் துல்லியமாகப் போட்டார்கள். பிங் கிராஸ்பி ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டை ஒலிப்பதிவு செய்த நாள் 1942 மே 29. பனியைப் பற்றிய பாட்டு, கோடை நெருங்கும் நேரத்தில்! தட்டு அச்சாகிக் கடைக்குப் போக மாதங்கள் வேண்டும் என்பதால் பண்டிகைப் பாட்டெல்லாம் இப்படி அகாலத்தில்தான் பதிவாகும். அந்தத் தட்டு விற்ற விற்பில் மூலப்பதிவே தேய்ந்துபோய், 1947 மார்ச்சில் அதே பாட்டை அவர் திரும்பப் பாட வேண்டியதாயிற்று. அந்நாட்டு நாட்டுப்புற இசைக்காரர்களும் பின்தங்கவில்லை. குதிரைமேல் வரும் கௌபாய் பாடகராகப் பேர்பெற்ற ஜீன் ஆட்ரி 1949இல் பாடிய ‘ருடால்ஃப்’ என்ற கலைமான் பாட்டு இன்றும் டிசம்பர் தவறாமல் ஒலிக்கிறது. 1980களில் ‘அலபாமா’ என்றொரு குழு. லுக்கவுட் மலைப்பக்கத்துப் பருத்தி விவசாயக் குடும்பங்களில் வளர்ந்த உறவுக்காரப் பையன்கள் சேர்ந்து தொடங்கியது. அவர்கள் 1982இல் ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு போட்டார்கள். அது பிடித்துக்கொள்ள, 1985இல் ‘அலபாமா கிறிஸ்துமஸ்’ என்று ஒரு முழுத் தொகுப்பே வந்தது. ஊர்ப்புறக் குழு ஒன்று பண்டிகைக்கென்று ஒரு தொகுப்பு போட்டால் அது குழுவின் மற்றப் பாட்டுகளைவிட நெடுநாள் வாழ்வதும் உண்டு.

நம்மிடம் இதற்கு ஈடு எது? நான் அடி அண்ணாமலையிலிருந்து தொடங்குகிறேன்.

திருவண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்கு இந்த இடத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினான்கு கிலோமீட்டர் பாதையில் மலைக்கு மேற்கே வரும்போது ஆதி அருணாசலேசுவரர் கோயில். பக்கத்திலேயே மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோயில். இங்கே இருந்துதான் அவர் திருவெம்பாவை பாடினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. திருவாசகப் பதிப்புகளும் திருவெம்பாவைக்குத் தலமாகத் திருவண்ணாமலையைத்தான் குறிக்கின்றன. அகச்சான்று வேண்டுமென்பவர்கள் 18ஆம் பாட்டைப் பார்க்கலாம். அது அண்ணாமலையானின் அடியைச் சொல்லித்தான் தொடங்குகிறது. ஆக, மார்கழிக்கென்றே பிறந்த தமிழ்ப் பாட்டுத் தொகுப்புகள் இரண்டில் ஒன்று இந்த மலையடியில் பிறந்தது. இன்னொன்று ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளின் திருப்பாவை.

இரண்டிலும் கூட்டம்தான் பாடுகிறது. விடியுமுன் எழுந்த பெண்கள் வாசல் வாசலாகப் போய் இன்னும் தூங்குகிறவளை எழுப்புகிறார்கள். வெளியே நிற்பவர்கள் கேலி பேச, உள்ளே படுத்திருப்பவள் பதில் சொல்ல, அதற்கு இவர்கள் எதிர்ப்பேச்சு பேச என்று திருவெம்பாவை நகர்கிறது. தனியொரு வித்துவான் மேடையில் உட்கார்ந்து பாடுவதற்கான அமைப்பே அதில் இல்லை. அதனால்தானோ என்னவோ, நூற்றாண்டுகளாக அதைக் காப்பாற்றியவர்களும் குழுக்கள்தான். தமிழ்நாட்டு ஊர்களில் மார்கழி பஜனைக் கோஷ்டி. ஆர்மோனியம், மிருதங்கமோ டோலக்கோ ஒன்று, ஜால்ரா, தலையில் மப்ளர். யாழ்ப்பாணத்தில் திருவாதிரைக்கு முந்தைய பத்து நாளும் சங்கு ஊதி, சேமக்கலம் அடித்துக்கொண்டு விடியலில் தெருவில் வரும் கூட்டம். இன்னும் தள்ளிப் போனால் பாங்காக். அங்கே அரண்மனைப் பிராமணர்கள் நடத்தும் ‘திரியம்பாவை’ விழாவில், பொருள் மறந்துபோன நிலையிலும் திருவெம்பாவை ஓதப்பட்டது. அந்த விழாவுக்கான பெரிய ஊஞ்சல் மரம் 1784இல் நட்டது. ஆடுவதை 1935இல் நிறுத்தினார்கள். தனிநாயகம் அடிகள் இந்தத் தாய்லாந்துத் தொடர்பை எழுதிய பிறகுதான் நம்மவர்கள் பலருக்கு அது தெரியவந்தது.

இவ்வளவு நீண்ட கை கொண்ட பாட்டு. ஆனால் இன்று மார்கழி விடியலில் ஒலிபெருக்கியில் என்ன கேட்கும் என்று யாரைக் கேட்டாலும், முதலில் வரும் பேர் எம்.எல். வசந்தகுமாரி பாடிய திருப்பாவை. சிவன் கோயிலிலேயே அதைக் கேட்கலாம். அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. மார்கழிக்குச் சைவ வைணவ வேலி கிடையாது. காஞ்சிப் பெரியவர் 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் திருப்பாவைக்கும் திருவெம்பாவைக்கும் சேர்த்தே மாநாடு நடத்தச் செய்தார், இரண்டையும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரப்பினார். சேர்ந்து கிளம்பிய இரண்டில் ஒன்று மட்டும் எப்படித் தட்டில் ஏறி உட்கார்ந்தது? இசைத்தட்டு வரலாறு எழுதுகிறவன் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது.

முதல் காரணம், தட்டின் அளவு. பழைய 78 சுற்றுத் தட்டு அரக்கில் செய்தது. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடம். எட்டடிப் பாட்டு ஒன்றை நிதானமாகப் பாடினால் ஒரு பக்கம் தீர்ந்துவிடும். திருவெம்பாவை இருபதுக்குப் பத்துத் தட்டு. திருப்பள்ளியெழுச்சி பத்தையும் சேர்த்தால் பதினைந்து. திருப்பாவை முப்பதுக்கும் அதே பதினைந்து. ஒரு குடும்பம் வாங்கக்கூடிய சரக்கா அது? ஆகவே அந்தக் காலத்தில் முழுப்பாவை தட்டில் வர வழியில்லை. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் பிடிக்கும் எல்.பி. தட்டு வந்த பிறகே நீளமான பாராயணங்களுக்கு வாழ்வு வந்தது. 1963இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் வேங்கடேச சுப்ரபாதம் எல்.பி.யாக வந்து, விடியற்காலை என்றாலே ஒரு தட்டு என்ற பழக்கத்தை ஏற்படுத்தியது. வேடிக்கை என்னவென்றால், திருமலையில் மார்கழி மாதம் முழுக்க சுப்ரபாதம் கிடையாது, திருப்பாவைதான். அந்த ஒரு மாதத்துக்கு வேறு தட்டு தேவைப்பட்டது.

அந்தத் தேவைக்குச் சரக்கு தயாராக இருந்தது. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் முப்பது பாசுரங்களுக்கும் மெட்டமைத்து வைத்திருந்தார். முதல் ஐந்தையும் நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கனராக வரிசையிலேயே போட்டார். தியாகையரின் பஞ்சரத்தினம் கேட்ட காதுக்கு அந்த வரிசை எவ்வளவு இதமாக விழும் என்று சொல்ல வேண்டாம். கடைசிப் பாசுரம் சுருட்டி. நடுவில் பாசுரத்துக்குப் பாசுரம் நிறம் மாறிக்கொண்டே போகும். எம்.எல்.வி., ஜி.என். பாலசுப்பிரமணியத்தின் சிஷ்யை, பிருகா மழையாகப் பொழிகிற பள்ளி. ஆனாலும் அரியக்குடியின் மெட்டுகளை இவர் பாடும்போது தன் வித்தையைக் காட்டாமல், வார்த்தை வார்த்தையாக, வீட்டுப் பெண்கள் கூடவே பாடும்படி பாடினார். அந்த அடக்கம்தான் அந்தத் தட்டின் வெற்றி என்பது என் கணிப்பு. வானொலி அதை மார்கழி தோறும் விடியலில் ஒலிபரப்பியது. கேட்டவர்கள் அந்த மெட்டையே திருப்பாவையின் பிறவி மெட்டு என்று நம்பத் தொடங்கினார்கள்.

திருவெம்பாவைக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அது ஓதுவார்கள் வழியில் நின்றது. ஓதுவார் மரபில் பாட்டு முன்னால், ராகம் பின்னால். இருபது பாட்டையும் பெரும்பாலும் ஒரே மெட்டில் பாடிக்கொண்டு போவார்கள். கூடச் சேர்ந்து பாட வருகிறவனுக்கு அதுதான் வசதி. ஒரு மெட்டு தெரிந்தால் இருபதும் பாடலாம். பஜனைக் கோஷ்டிக்கு வரமாக இருந்த அந்த வசதி தட்டு வியாபாரிக்குக் குறையாகப் பட்டது. அரைமணி நேரம் ஒரே மெட்டைத் தட்டில் யார் காசு கொடுத்துக் கேட்பார்கள்? தருமபுரம் ப. சுவாமிநாதன் போன்ற பெரிய ஓதுவார் திருமுறைகளைப் பரந்த அளவில் ஒலிப்பதிவு செய்து கொடுத்திருக்கிறார். திருவெம்பாவையைப் பாடிப் பதிந்தவர்கள் அவரன்றி இன்னும் பலரும் உண்டு. தரத்தில் குறையில்லை. ஆனால் ஊரெல்லாம் ஒரே குரலாகக் கேட்கும் ஒற்றைத் தட்டு என்று திருவெம்பாவைக்கு அமையவில்லை. 2005 ஜூன் 30 அன்று சென்னையில் இளையராஜாவின் ‘திருவாசகம்’ சிம்பொனி வெளிவந்தபோது, மாணிக்கவாசகரைப் புடாபெஸ்ட் வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள்; அமெரிக்கப் பாடலாசிரியர் ஸ்டீஃபன் ஸ்வார்ட்ஸ் ஆங்கில வரி எழுதினார். அதில் எடுத்துக்கொண்ட பகுதிகளிலும் திருவெம்பாவை இல்லை.

இதைக் குறையாக மட்டும் நான் பார்க்கவில்லை. ஒரு தட்டு வெற்றிபெற்றால் அந்தப் பாட்டின் மற்ற மெட்டுகளெல்லாம் ஓரம்போகும். திருப்பாவையை எங்கள் ஊரில் வேறு மாதிரிப் பாடுவோம் என்று சொல்லும் கிழவிகள் ஒரு காலத்தில் எத்தனை ஊரில் இருந்தார்கள்! திருவெம்பாவைக்கு அந்த விபத்து நேரவில்லை. யாழ்ப்பாணத்து மெட்டு யாழ்ப்பாணத்திலும், ஓதுவார் மெட்டு கோயிலிலும், பஜனை மெட்டு தெருவிலும் பிழைத்துக் கிடக்கின்றன.

திருவண்ணாமலைக்கு மார்கழியில் இன்னொரு பாட்டுக் கதையும் உண்டு. ரமணர் விரூபாட்ச குகையில் இருந்த காலம், 1914ஐ ஒட்டி. அவருடன் இருந்த சாதுக்கள் ஊருக்குள் பிட்சைக்குப் போகும்போது பாடிக்கொண்டே போவார்கள். குரல் கேட்டதும் வீட்டார் சோற்றோடு வாசலுக்கு வருவார்கள். இதைப் பார்த்த வேறு சிலரும் அதே பாட்டைப் பாடிக்கொண்டு முந்திப் போய் சோற்றை வாங்கத் தொடங்கினார்கள். நமக்கென்று தனிப்பாட்டு வேண்டும் என்று சாதுக்கள் கேட்க, அக்ஷரமணமாலை பிறந்தது. 108 கண்ணிகள். ஒரு பாடும் குழுவுக்கு அடையாளப் பாட்டு, அதுவும் சோற்றுக்காக! ரமணர் பிறந்தது 1879 டிசம்பர் 30, ஆருத்ரா தரிசனத்தை ஒட்டிய நள்ளிரவு கழிந்த நேரம். எனவே ஜெயந்தி மார்கழியில் வரும். அவரது நூற்றாண்டை ஒட்டிய காலத்தில் பெங்களூரில் சுலோசனா நடராஜன் முன்நின்று பாடிய ‘ரமணாஞ்சலி’ குழு இந்தப் பாட்டுகளை மேடைக்கும் கேசட்டுக்கும் கொண்டுவந்தது. இளையராஜாவின் ‘ரமண மாலை’ வந்ததும் கிரிவலப் பாதையில் அந்தக் குரலும் சேர்ந்துகொண்டது. பிட்சைப் பாட்டு பிளேயரில் ஏறிய கதை இது.

ஆடி மாதத்துக்கு வருவோம். இங்கே கதை வேறு. வட ஆற்காடு, தென் ஆற்காடு ஊர்களில் அம்மன் கோயில் என்றால் பம்பையும் உடுக்கையும் சிலம்பும்தான். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் அமாவாசை இரவு நின்று பார்த்தவருக்குப் பம்பைக்காரர் வர்ணிப்பு என்ன செய்யும் என்று தெரியும். இந்த ஓசையைச் சென்னை ஒலிப்பதிவுக் கூடத்துக்குக் கூட்டிப்போனவை எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் தட்டுகள். லூர்து மேரி ராஜேஸ்வரி என்ற கிறிஸ்தவப் பெண். சினிமாவில் கிளப் டான்ஸ் பாட்டுகளுக்குப் பேர்போனவர். மாரியம்மன் தாலாட்டு பாட இவரா என்று அன்று யாராவது முகம் சுளித்திருந்தால், ஆடி முதல் வெள்ளியே பதில் சொல்லியிருக்கும். அந்தக் குரலில் இருந்த வெறியாட்டுத் தன்மையைச் சினிமா ஒரு விதமாகப் பயன்படுத்தியது, அம்மன் வேறு விதமாக. கர்நாடக சங்கீத மேடைக் குரல் எதுவாலும் அது முடிந்திருக்காது என்று தயங்காமல் சொல்வேன்.

கார்த்திகை மாதத்தில் இன்னொரு தட்டு. கே. வீரமணி பாடிய ‘பள்ளிக்கட்டு சபரிமலைக்கு’. இசை சோமு, வரிகள் உளுந்தூர்பேட்டை சண்முகம். நடந்து போகிறவன் கூட்டத்தோடு பாடுவதற்கென்றே ஒரு குரல் சொல்ல, பல குரல் திருப்பிச் சொல்லும் அமைப்பில் செய்த பாட்டு. பஜனைக் கோஷ்டியின் பழைய உத்திதான், ஆனால் தட்டுக்குப் பொருந்தும் நீளத்தில். சஷ்டிக்குச் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம், நோன்பு மாதத்துக்கு நாகூர் ஹனிபா என்று மற்றவற்றையும் சொல்லிக்கொண்டு போகலாம். ஹனிபாவுக்குத் தனி அத்தியாயமே வேண்டும், வைத்திருக்கிறேன்.

இவற்றையெல்லாம் வாழவைத்தவர் யார்? கம்பெனியும் இல்லை, வானொலியும் முழுதாக இல்லை. மைக் செட்காரர். எந்தப் பாட்டை முதலில் போடுவது, எதை எத்தனை முறை போடுவது, எந்தத் தட்டில் கீறல் விழுந்தும் விடாமல் போடுவது என்று முடிவு செய்தவர் அவர். அவரிடம் இருந்த பெட்டிதான் அந்த ஊரின் பக்திப் பாட்டு ரசனை. 1980களில் கேசட் வந்து விலை இறங்கியதும் பெட்டி பெருத்தது. 1990களில் பௌர்ணமிக் கிரிவலக் கூட்டம் பெருகப் பெருக, பாதை நெடுகக் கடைக்குக் கடை வேறு வேறு அண்ணாமலைப் பாட்டு கேட்கத் தொடங்கியது. அந்தப் பெருக்கத்தில் அவசரமாகச் செய்த சரக்கே அதிகம். சினிமா மெட்டில் சாமி பேரைச் செருகிய கேசட்டுகளை நல்லவை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்கழித் தட்டுக்கு அடி விழுந்தது 2000இல். அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்த ஒலிமாசு விதிகள் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்றன. திருவிழா நாட்களுக்கென்று பின்னால் கொடுத்த சலுகையும் நள்ளிரவு பன்னிரண்டு மணியோடு முடிகிறது, விடியலுக்கு இல்லை. திருப்பாவையும் திருவெம்பாவையும் பாட வேண்டிய நேரமோ நாலரை, ஐந்து. விதி எழுத்தளவில் முழுதாக எங்கும் நடக்கவில்லை என்பது ஊரறிந்தது. தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையையும் நோயாளியையும் நினைத்தால் விதி நியாயம்தான். பாவைப் பாட்டுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டாயமில்லை. ஐந்தாறு பேர் தெருவில் நடந்து பாடினால் எந்தச் சட்டமும் தடுக்காது.

இனி பேர் விஷயம். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியபோது, பாட்டு முடிந்ததும் தன் பேரைத் தானே உரக்கச் சொன்னார். தட்டு அச்சானது ஜெர்மனியின் ஹனோவரில். அங்கிருந்த தொழிலாளிக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அதற்கும் ஒன்பது நூற்றாண்டு முன்னால் தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட ராஜராஜன் வைத்த பிடாரர் 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளம் வாசிக்க ஒருவர், ஆக ஐம்பது பேர். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு முக்குறுணி நெல். பேர்களைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள், இன்றும் வாசிக்கலாம். நம் காலத்துப் பக்தித் தட்டுகளின் உறையைப் பாருங்கள். பாடகர் பேர், இசையமைப்பாளர் பேர், கம்பெனி பேர் இருக்கும். உடுக்கை அடித்தவர் யார்? பம்பைக்காரர் எந்த ஊர்? பின்பாட்டுப் பாடிய பெண்கள் யார்? பெரும்பாலும் ‘குழுவினர்’ என்று ஒரு சொல்லோடு முடிந்திருக்கும். சோழன் நெல் அளந்த இடத்தில் செய்ததை, லட்சக்கணக்கில் விற்ற கம்பெனிகள் ஒரு வரி மை செலவழித்துச் செய்யவில்லை. இதற்குச் சாக்கு எதுவும் கிடையாது.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி, செய்யாறு பக்கத்து வீடுகளில் உள்ளூர் பஜனைக் கோஷ்டியோ, ஓதுவாரோ, பம்பைக்காரரோ பாடியதைப் பதிந்த கேசட்டுகள் பரணில் கிடக்கக்கூடும். நாடா ஈரத்தில் ஒட்டிப்போவதற்கு முன் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக் கணினியில் ஏற்றிவிடுங்கள். பாடியது யார், வாசித்தது யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று பெரியவர்களைக் கேட்டு உறையில் எழுதுங்கள். வீட்டில் வைத்துக்கொள்ள முடியாதவர்கள் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பழைய இசைத்தட்டுகளைச் சேர்த்து வைத்திருக்கும் இடம் அது.

அடுத்த இதழில்: நாகூர் ஹனிபா.